ஹலோக்கா இணையத்தில் பொத்தான் விற்ற கதை

அந்தத் தபால் விற்பனைக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் பன்னிரண்டு பெண்கள் காதில் போன் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஜன்னலோரம் ஐந்தாவது நாற்காலிக்காரி சொல்லும் ‘ஹலோ’வுக்குத் தனிக் கிராக்கி. ஒரு தடவை பேசியவர்கள் மறுபடி கூப்பிடும்போது, “அந்த ஹலோ சொல்ற பொண்ணு இருக்காங்களா? அவங்ககிட்டயே குடுங்க” என்று கேட்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கேலியாக ஆரம்பித்தது, கடைசியில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவர்களுக்கு ஹலோக்கா, பெரியவர்களுக்கு ஹலோ. கட்டிய கணவரே, “ஹலோ, கதவைத் திற” என்றுதான் கூப்பிட்டார்.

கம்பெனியின் வியாபாரம் எளிமையானது. வருஷத்துக்கு இரண்டு தடவை செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் அச்சடித்து வீடு வீடாக அனுப்புவார்கள். திரைச்சீலை, பூட்ஸ், மேஜை விளக்கு, மழைக்கோட்டு எல்லாம் படத்தோடு இருக்கும். பிடித்ததன் எண்ணைப் பார்த்து ஜனங்கள் போன் செய்வார்கள். பத்து நாளில் பார்சல் வரும்.

போனில் வருகிறவர்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைப்பதில்லை. “படத்துல நீலமா தெரியுதே, அது கருநீலமா இல்ல வெளிர்நீலமா?” என்பார்கள். “இந்தத் துணி சொரசொரன்னு இருக்குமா?” என்பார்கள். மற்றப் பெண்கள் புத்தகத்தில் இருப்பதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த போனுக்குப் போவார்கள். ஹலோக்கா மட்டும் மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு கீழே கிடங்குக்கு இறங்குவாள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவுவாள். அப்புறம் மேலே வந்து, “முழங்கை பக்கம் கொஞ்சம் உறுத்தும்ங்க, முழுக்கைச் சட்டை போட்டு மேல போட்டுக்கோங்க” என்று சொல்லும்போது, அந்தப் பக்கம் இருப்பவர் அரை மனசை முழு மனசாக்கிக்கொண்டு முகவரியைச் சொல்லிவிடுவார்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் மேஜைக்கு மேஜை பச்சை எழுத்துத் திரை வந்துவிட்டது. அவள் இங்கே ஆர்டரைத் தட்டினால் கீழே கிடங்கில் காகிதம் கரகரவென்று அச்சாகி வரும். போன் இருந்தது, கம்பி இருந்தது, கிடங்கு இருந்தது. வாங்குகிறவர் கண்ணுக்கு முன்னால் ஒரு திரை மட்டும்தான் பாக்கி.

அந்தத் திரையை அவள் பார்த்தது மேலாளர் அறையில். கம்பெனிக்கே ஒரே ஒரு இணைய இணைப்பு, அதுவும் அவர் மேஜையில். ஏதோ கையெழுத்துக்காகப் போனவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் ஒரு பூட்ஸ் படம் மேலேயிருந்து கீழே வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கயிறு, பிறகு கணுக்கால், ரொம்ப நேரம் கழித்து மூக்கு.

“இது எங்க இருக்கு சார்?”

“கடல் தாண்டி எங்கேயோ ஒரு கடை.”

“இப்பவே நாம இதை வாங்கலாமா?”

“வாங்கலாம்னு கீழ எழுதியிருக்கான். அந்தக் கட்டத்துக்குள்ள அளவைப் போட்டு அனுப்பணுமாம்.”

“அப்ப நம்ம புத்தகத்தையும் இப்படிப் போடலாமே சார்! அச்சடிக்க வேண்டாம், தபால்ல அனுப்ப வேண்டாம், ஒரு பொருள் தீர்ந்துபோச்சுன்னா அன்னிக்கே எடுத்துடலாம்.”

மேலாளர் சிரித்தார். “உன் ஹலோவைக் கேக்காம யாரும்மா பூட்ஸ் வாங்குவாங்க?”

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை அவள் கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள். “ஏய் ஹலோ! நம்ம வீடு பின்னாடி போயிடுச்சு!” என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்த, பஸ்ஸே சிரித்தது. அவளுக்கு அது காதில் ஏறவில்லை. பூட்ஸ் இறங்கிய விதம் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

கம்பெனி யோசித்தது, குழு போட்டது, அறிக்கை கேட்டது. அறிக்கை வருவதற்குள் வேறு யார் யாரோ முந்திக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில் போன் பிரிவை மூடினார்கள். பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு பையோடு படியிறங்கினார்கள். பதினொரு பேர் அழுதார்கள். ஹலோக்கா அந்தக் கனமான புத்தகத்தின் கடைசிப் பதிப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நேரே அண்ணன் கடைக்கு நடந்தாள்.

அண்ணன் வைத்திருந்தது பொத்தான் கடை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சு விட முடியாத அகலம். ஆனால் உயரம் இரண்டு ஆள். தரையிலிருந்து உத்தரம் வரை அட்டைக் குழல்கள் அடுக்கி, ஒவ்வொரு குழலின் மூடியிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார். சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான பொத்தான்கள் ஆளை உற்றுப் பார்க்கும். சிப்பி, கொம்பு, பித்தளை, மரம், கண்ணாடி, துணி சுற்றியது, தோல் பின்னியது. கோட்டில் ஒரு பொத்தான் தொலைந்துபோனவர்கள் மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டினால், அண்ணன் ஏணியில் ஏறி கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜோடியைக் கொண்டுவருவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

“அண்ணா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு விக்கலாம்” என்றாள்.

அண்ணன் ஏணியிலிருந்தபடியே திரும்பினார். “பொத்தானையா?”

“ஆமா.”

“கையில எடுத்துப் பாக்காம எவன் பொத்தான் வாங்குவான்? அதுவும் இத்தனூண்டு பொருளுக்குத் தபால் செலவு வேற. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்ங்கற கதையால்ல இருக்கு!”

“இந்த ஊர்ல ஒரு மாசத்துக்கு எத்தனை பேருக்குண்ணா கொம்புப் பொத்தான் தொலையும்?”

“நாலு பேருக்குத் தொலையும்.”

“உலகத்துல?”

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நூல் கோத்துக்கொண்டிருந்த அண்ணிதான் தலையைத் தூக்கினாள். “அவ கேக்கறதுல தப்பில்லையே. தொலைச்சவங்க எல்லாருமா நம்ம தெருவுலயே குடியிருக்காங்க?”

அண்ணி ஒன்று சொன்னால் அந்தக் கடையில் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

கடைக்குப் பின்னால் பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. மோடம் இணைப்புக்குப் போகும்போது பூனை வாலை மிதித்தமாதிரி கத்தும். கடைக்கு இருந்தது ஒரே போன் லைன். அதனால் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் மட்டும் அவளுக்கு இணைய ராஜ்யம். இணையப் பக்கம் எழுதுவது எப்படி என்று நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். ஏழு தடவை நீட்டிப்பு வாங்கியதில் நூலகக்காரர், “அம்மா, இதுக்குப் பேசாம நீங்களே சொந்தக்காரங்க ஆகிடுங்க” என்றார்.

படம் எடுப்பதுதான் பெரிய பாடு. கேமராவில் எடுத்து, கழுவி, அச்சுப் போட்டு வருவதற்குள் வாரம் ஓடிவிடும். ஒருநாள் அண்ணி, காகிதம் நகலெடுக்கும் ஸ்கேனரைக் காட்டி, “கண்ணாடி மேலயே பொத்தானைக் கவுத்து வச்சா என்ன?” என்று கேட்டாள். வைத்தார்கள். மேலே கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். ஸ்கேனரின் வெளிச்சம் மெல்ல ஊர்ந்து போயிற்று. திரையில் சிப்பிப் பொத்தான் ஒன்று, முழு நிலா மாதிரி, அதன் ஒவ்வொரு வரியும் பளபளப்பும் தெரிய வந்து நின்றது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹலோக்கா கைதட்டிக் குதித்ததில் மேஜையில் இருந்த டப்பா கவிழ்ந்து, முந்நூறு பித்தளைப் பொத்தான்கள் அறை முழுக்க ஓடின. பொறுக்கும்போதும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் பக்கத்தில் நாற்பது பொத்தான்கள் ஏறின. படத்துக்குக் கீழே குறுக்களவு, துளை எத்தனை, எதனால் ஆனது, விலை. கடைசியில் பெயரும் முகவரியும் எழுத ஒரு கட்டம். பணத்தைக் காசோலையாகத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது போனில் கூப்பிட்டு கார்டு எண்ணைச் சொல்ல வேண்டும். இணையத்தில் கார்டு எண்ணைத் தட்ட அப்போதெல்லாம் யாருக்கும் தைரியம் வராது. சிலர் பாதி எண்ணை மின்னஞ்சலிலும் மீதியைப் போனிலும் சொல்லுவார்கள். புதையல் வரைபடத்தைக் கிழித்து இரண்டு பேரிடம் கொடுத்தமாதிரி.

இருபத்து மூன்று நாள், வாங்க ஒரு ஈ காக்கை வரவில்லை. பக்கத்தின் அடியில், வந்தவர்களை எண்ணும் ஒரு குட்டிக் கருவி இருந்தது. அது அறுபத்தொன்று என்று காட்டியது. அதில் நாற்பது தடவை வந்தவள் ஹலோக்காவே.

“அறுபத்தொரு பேர் வந்தாங்களா? ஒருத்தரும் ஒண்ணும் வாங்கலையா?” என்று அண்ணன் கேட்டார்.

“வேடிக்கை பாக்கறாங்கண்ணா. கடைக்கு வர்றவங்க எல்லாருமா வாங்கறாங்க?”

சொல்லிவிட்டு, தானே இன்னொரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

இருபத்து நாலாம் நாள் காலை. மோடம் கத்தி முடித்ததும் ஒரு மின்னஞ்சல் விழுந்தது. அவளுக்கு உச்சரிக்கக்கூட வராத ஒரு ஊர். கறுப்பு, தட்டை, இரண்டு துளை, ஒன்பது மில்லிமீட்டர், ஆறு பொத்தான். கீழே ஒரு குறிப்பு: “நான் பொம்மலாட்டத்துக்குப் பொம்மை செய்கிறவன். இவை கண்களுக்கு. தயவுசெய்து ஜோடி ஜோடியாக ஒரே பளபளப்பில் இருக்கும்படி பார்த்து அனுப்பவும்.”

“அண்ணா!”

அவள் கத்திய கத்தலில் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்திருப்பார். ஓடி வந்து திரையைப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார்.

“கண்ணுக்கா?”

“கண்ணுக்குத்தான்!”

முப்பது வருஷமாகச் சட்டைக்கும் கோட்டுக்கும் பொத்தான் விற்ற மனிதர். அவர் ஏணியில் ஏறிக் குழலை எடுத்தார். மேஜையில் நூறு பொத்தானைக் கொட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரே மாதிரி மினுங்கும் ஆறை எடுத்து வைத்தார். பிறகு, “இதோட ரெண்டு சேத்து வை. கண்ணாச்சே, ஒண்ணு போனா என்ன பண்ணுவான்?” என்றார். தபால் நிலையத்துக்கு அவரே கொண்டுபோனார். அன்று கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது. அதுவரை அப்படி நடந்ததே இல்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, பிறகு காலையில் கதவைத் திறந்தால் ஏழெட்டு. வாங்குகிறவர்கள் யார் யாரோ! இசைக்குழுச் சீருடைக்கு ஒருவர், பழைய நாற்காலி மெத்தைக்கு ஒருவர், பல்லாங்குழிபோல ஏதோ விளையாட்டுக்கு ஒருவர். நாற்பது பொத்தான் அறுநூறாயிற்று. பக்கங்களை வைத்திருக்க ஒரு புதிய கம்பெனி மாதாமாதம் இடம் வாடகைக்கு விட்டது. கார்டு எண்ணைப் பூட்டிய வழியில் வாங்கிக்கொள்ளும் வசதியும் அதுவே செய்து கொடுத்தது. திரையின் மூலையில் குட்டிப் பூட்டுப் படம் தெரிந்த நாளிலிருந்து வாங்குகிறவர்களின் பயம் மெல்லத் தெளிந்தது. ஹலோக்கா அந்தப் பூட்டை எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் கணவர் மட்டும், “சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி.

மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் பதில் வந்தது. கடைப் பக்கத்தைத் திறந்தால் பொத்தான் ஒன்றுமில்லை. வெள்ளைத் திரையில் ஒரே வரி: ‘இந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டது.’ இணையத்தில் கடை போட்டால் போதும், பணம் கொட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு முதல் போட்டவர்கள் எல்லாம் அந்த வருஷம் ஒருவர் பின் ஒருவராகக் கவிழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அலை இந்தக் கம்பெனியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுநூறு படம், அறுநூறு விளக்கம், மூன்று வருஷக் காலை நேரம், எல்லாம் போச்சு. அவள் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

அண்ணன், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி. நம்மகிட்ட என்ன மிச்சம் இருக்கு?”

“ஆர்டரை எல்லாம் அச்சடிச்சு ஃபைல் போட்டு வச்சிருக்கேன். பழைய கம்பெனிப் பழக்கம்.”

“அதுல ஆளுங்க மின்னஞ்சல் முகவரி இருக்குமா?”

“இருக்கும். நானூத்திப் பதினொண்ணு.”

“அப்ப கடை போகலை. போர்டுதான் போயிருக்கு. எழுது.”

எழுதினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். கடை திரையிலிருந்து மறைந்துவிட்டது, பொத்தான்கள் பத்திரமாக இருக்கின்றன, மறுபடி படம் எடுக்கச் சில மாதம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நானூற்றுப் பதினொரு பேருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலையிலிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. ஆறுதல் சொன்னவர்கள் பாதி. மீதிப் பாதிதான் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது. ‘உங்கள் சிப்பிப் பொத்தான் பக்கத்தை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன், அனுப்பவா?’ என்றார் ஒருவர். ‘மூன்று படங்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, இதோ’ என்றார் இன்னொருவர். நாலாம் நாள், பணி ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம்: ‘எனக்குப் பொத்தான் சேகரிப்பதில் பைத்தியம். இணையத்தில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் போன் கட்டணம் ஏறுகிறதே என்று, மாதம் ஒரு தடவை உங்கள் கடையை மொத்தமாக என் கம்ப்யூட்டருக்குள் இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பேன். போன மாதம் வரை உள்ளது எல்லாம் இருக்கிறது. குறுந்தட்டில் போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.’

தட்டு வந்தது. ஹலோக்கா அதைச் செருகி, இருப்பதை எண்ணிப் பார்த்தாள். ஐந்நூற்று எழுபத்திரண்டு படங்கள்! பெயர் மாறாமல், எண் மாறாமல், விளக்கத்தில் அவள் விட்டிருந்த எழுத்துப் பிழைகூட மாறாமல்! அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் தூசு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இணையத்தில் இரண்டாவது கடையை அவள் பொறுக்கிப் பார்த்து இடம் பிடித்துத் தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில். இதற்குள் இணையத்தில் தேடும் வழியும் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒற்றையடிப் பாதை மாதிரி லிங்க் பிடித்துப் போக வேண்டும். இப்போது ஒரு பெட்டியில் நாலு வார்த்தை தட்டினால் போதும். அந்த நாலு வார்த்தை எது என்பதில்தான் சூட்சுமம். எல்லாக் கடைக்காரர்களும் ‘எண் 417, பாலியெஸ்டர், 22 மி.மீ.’ என்று எழுதியபோது, பதினோரு வருஷம் ஜனங்களின் குரலைக் கேட்டவளுக்கு அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தது. ‘அப்பாவின் பழைய கோட்டில் இருக்குமே, பின்னின தோல் மாதிரி, அந்தப் பழுப்புப் பொத்தான்’ என்று எழுதினாள். தேடியவர்கள் நேரே அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

பெரிய இணையச் சந்தைகள் வந்தபோது அதிலும் ஒரு ஓரமாய்க் கடை விரித்தாள். அங்கே வாங்கியவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். முதல் ஒற்றை நட்சத்திரம் விழுந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ‘நினைத்ததைவிடச் சின்னது’ என்று எழுதியிருந்தது. பொத்தானைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தாள். மறுநாளே அறுநூறு படத்தையும் திரும்ப எடுக்க உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு பொத்தானும் அண்ணியின் ஆள்காட்டி விரல் நுனியில். “என் விரலை இவ்வளவு பேர் பாக்கறாங்க, என் முகத்தை ஒருத்தரும் கேக்கலையே” என்று அண்ணி அங்கலாய்த்தாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது வேறு.

மதியம் இரண்டு மணிக்கு ஹலோக்காவின் கைபேசி ‘டிங்’ என்றது. ஆர்டர் வந்தால் அப்படிச் சத்தம் வரும்படி வைத்திருந்தாள். அடுத்த டிங். அடுத்தது. பிறகு சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கைபேசி மேஜை மேல் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டு நகர்ந்து கீழே விழுந்தது.

“என்னாச்சு அதுக்கு? கெட்டுப்போச்சா?” என்றார் அண்ணன்.

எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே பொத்தான். இலை நரம்பு பதிந்த கரும்பச்சைக் கோட்டுப் பொத்தான், எட்டு கொண்ட செட். வருஷத்துக்கு நாலைந்து செட் போகிற சரக்கு. கணவருக்குப் போன் போட்டாள். அவர் அப்போதுதான் டிப்போவில் வண்டியை விட்டு இறங்கியிருந்தார்.

“அட, அந்தத் தொடர்! துப்பறியற அம்மா ஒருத்தி பச்சைக் கோட்டு போட்டுட்டு வருவாளே! நேத்து எபிசோடுல அந்தக் கோட்டுப் பொத்தானை வச்சுத்தான் கொலைகாரனையே பிடிச்சா. டிப்போவுல காலையிலேர்ந்து அதே பேச்சு!”

யாரோ தேடியிருக்கிறார்கள். ஹலோக்கா எழுதிய ‘இலை நரம்பு தெரியும் பச்சைக் கோட்டுப் பொத்தான்’ என்பது முதலில் வந்து நின்றிருக்கிறது. அவர் இவரிடம் சொல்ல, இவர் அவரிடம் சொல்ல, ஒன்றுக்கு ஒன்பதாகப் பெருகிவிட்டது.

“எத்தனை ஆர்டர்?” அண்ணி கேட்டாள்.

“ஆயிரத்தி இருநூறு... இல்ல, முந்நூறு. ஏறிக்கிட்டே இருக்கு!”

“குழல்ல எத்தனை இருக்கு?”

அண்ணன் ஏற்கெனவே ஏணியில் இருந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “எண்பத்துநாலு செட்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரக்கு தீர்ந்தால் தானாக நிற்கும்படி கடையில் வசதி இருந்தது. ஆனால் இந்த மாதிரிப் போகாத சரக்குக்கெல்லாம் எதற்கு என்று அவள் எண்ணிக்கையைப் போடாமலே விட்டிருந்தாள். ஒரே பொத்தானை ஆயிரம் பேருக்கு விற்றாயிற்று. பணமும் வந்தாயிற்று.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதெல்லாம் ஒரே ஒரு நிமிஷம்தான். முதல் வேலையாக அந்தப் பக்கத்தை நிறுத்தினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. “அண்ணா, இதைச் செஞ்சது யாரு? அவங்க இன்னும் இருக்காங்களா?”

“இருக்காரு. பொத்தான் வார்க்கற அச்சை உடைச்சுட்டாரான்னுதான் தெரியல.”

அண்ணன் போனை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது. எடுத்த பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

“இருங்க, பரண்ல பாத்துட்டு வர்றேன்” என்றார் அவர்.

இருமல் கேட்டது. ஏதோ உருளும் சத்தம், ஒரு தகரம் விழும் சத்தம். அப்புறம் மூச்சிரைக்கக் குரல் வந்தது. “அச்சு இருக்கு! துரு ஏறியிருக்கு, ஆனா முழுசா இருக்கு! ஒம்பது நாள் குடுங்க!”

அண்ணன் போனை வைக்காமலே “இருக்காம்!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி அந்தக் கடை கேட்டதில்லை.

ஹலோக்கா கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதலில் வந்த எண்பத்துநாலு பேருக்கு இன்றே பார்சல். மற்றவர்களுக்கு உண்மை: ‘எங்களிடம் சரக்கு இல்லாமலே உங்களிடம் விற்றுவிட்டோம், தவறு எங்களுடையது. பட்டறையில் பழைய அச்சு கிடைத்திருக்கிறது. இரண்டு வாரம் காத்திருந்தால் புதிதாக வார்த்த பொத்தான் வரும். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும், பணம் உடனே திரும்பும்.’

“பாதிப் பேர் கழண்டுக்குவாங்க” என்றார் அண்ணன்.

எழுபத்தொரு பேர்தான் கழன்றார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். அதோடு விட்டார்களா? ‘அச்சைப் படம் எடுத்துப் போடுங்கள்’ என்று கேட்டார்கள். பட்டறைக்காரர் துரு சுரண்டுவதைப் படமெடுத்துப் போட்டாள். உருகிய பச்சைக் குழம்பை அச்சில் ஊற்றுவதைப் போட்டாள். அந்தப் படங்களைப் பார்த்தே இன்னும் இருநூறு பேர் வரிசையில் வந்து நின்றார்கள். பதினோராம் நாள் காலையில் பட்டறை வண்டி தெருமுனையில் திரும்பியபோது கடைக்கு வெளியே நாலு பேரும் நின்றிருந்தார்கள். கணவர் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டியைப் பிரித்ததும் வெதுவெதுப்பான புது வாசனை. அண்ணி எண்ணினாள், அண்ணன் பொறுக்கினார், கணவர் உறையை ஒட்டினார், ஹலோக்கா முகவரி போட்டாள். பார்சல் எடுக்க வந்தவர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “இதுக்கு என் வண்டி பத்தாது. பெரிய வண்டியைக் கூப்பிடறேன்” என்று தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் சொன்னதுதான் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த மெடல்.

அந்த வாரத்தோடு கடையிலுள்ள எல்லாச் சரக்கையும் எண்ணிக் கணக்கேற்றினார்கள். பக்கத்து இடமும் காலியாக, சுவரை இடித்துக் கடையை அகலப்படுத்தினார்கள். இப்போது ஆறாவது ஆளும் மூச்சு விடலாம். பழைய போன் பிரிவில் இருந்த இரண்டு பெண்கள் பார்சல் மேஜையில் வேலைக்கு வந்தார்கள். ஹலோக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசாகிறது. இன்றைக்கும் வாங்குகிறவர் யாராவது எழுத்தில் கேட்டுத் திருப்திப்படாவிட்டால், அவளே போனை எடுத்துப் பேசுவாள்.

போன மாதம் ஒரு மழை நாள். கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆர்டர் வந்தது. வெள்ளைச் சட்டைப் பொத்தான், இரண்டு டஜன், அவசரம். அண்ணன் சீட்டை எடுத்து முகவரியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி மறுபடி படித்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

“இது எதிர்த்த தையல் கடை விலாசம்டி!”

எதிரே ஜன்னலில் தையல்காரர் ஒரு கையில் கைபேசி, மறு கையில் கத்தரிக்கோலுடன் நின்று கையாட்டினார்.

“இருபதடி தூரம்! கையை நீட்டினா எட்டும்! இந்த ஆளுக்கு வந்து வாங்க என்ன கேடு?”

“மழைல நனையணுமேண்ணா” என்றாள் ஹலோக்கா, சிரிப்பை அடக்க முடியாமல். “பார்சலுக்குப் போட்டா நாளன்னிக்குத்தான் அவருக்குக் கிடைக்கும். எங்கெங்கேயோ சுத்திட்டு வரும்.”

அண்ணன் சீட்டையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார். பொத்தானைப் பொட்டலம் கட்டி, சீட்டை ஒழுங்காக மேலே ஒட்டி, குடையை எடுத்து விரித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி தெருவில் இறங்கினார். பாதித் தெருவில் காற்று குடையை மேல்நோக்கித் திருப்பிவிட்டது. முழுக்க நனைந்து எதிர்ப்படியில் ஏறினார். அங்கே தையல்காரர் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

ஹலோக்காவின் கைபேசி டிங் என்றது. தையல்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: ‘டெலிவரி மூன்று நிமிஷம். கொண்டுவந்தவர் திட்டினார்.’